செவன் அயர்ன் என்னும் சடங்கு

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் முப்பதைத் தாண்டிய ஒருவர் கோல்ஃப் பழகப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. கேன்டீனில் எதிரே உட்கார்ந்திருப்பவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொல்வார்: "பாஸ், செவன் அயர்ன்ல ஆரம்பிங்க. ஹைப்ரிட்டைத் தொடவே தொடாதீங்க, ஸ்விங் கெட்டுப்போயிரும்." பக்கத்தில் இருப்பவர் ஆமாம் போடுவார். டிரைவிங் ரேஞ்சுக்குப் போனால் பயிற்சியாளரும் அதையே சொல்வார். ஒரு வாளிப் பந்தையும் ஒரு செவன் அயர்ன் மட்டையையும் கையில் கொடுத்து, இது படியட்டும், மற்றதையெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்பார். ஹைப்ரிட் என்பது முழங்கால் போனவர்களுக்கும், நீளமான அயர்னை அடிக்க வராதவர்களுக்கும் உண்டான ஊன்றுகோல் என்பதில் இவர்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது.

இது தப்பு என்பது என் கட்சி. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப்போன, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிது என்றிருக்கிற ஆளுக்கு, 5-ஆம் எண் ஹைப்ரிட்டும் பாதி ஸ்விங்கும்தான் நேர்வழி. செவன் அயர்ன் அவருக்கு ஒரு சடங்கு. சடங்குகளுக்கு உண்டான மரியாதையை அதற்குக் கொடுக்கலாம், பாடத்துக்கு உண்டான மரியாதையைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஹைப்ரிட்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம். 3, 4 என்று எண் போட்ட நீளமான அயர்ன் மட்டைகளின் தலை மெல்லிய தகடு போல இருக்கும். பந்து அதன் நடுவில் படாவிட்டால் கை அதிரும், பந்து தவழும். உட் வகை மட்டைகளின் தலை பெரிதாக, உப்பலாக இருக்கும். ஹைப்ரிட் இரண்டுக்கும் நடுவே நிற்பது. எடையை முகத்துக்குப் பின்னாலும் கீழேயும் தள்ளி வைத்திருப்பார்கள், அதனால் பந்து எளிதில் மேலே எழும். அடிப்பாகம் அகலமாக, லேசான வளைவோடு இருக்கும். மட்டை பந்துக்குப் பின்னால் அரை அங்குலத்தில் தரையைத் தொட்டுவிட்டாலும் மண்ணுக்குள் இறங்காது, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைச் சேர்ந்துவிடும். கோப்ரா நிறுவனம் 1975-லேயே பேஃப்ளர் என்று இதற்கு முன்னோடியான ஒன்றைக் கொண்டுவந்தது. 2000-களின் தொடக்கத்தில் டெய்லர்மேடின் ரெஸ்க்யூ போன்றவை வந்த பிறகுதான் இந்த வகை எல்லோர் பையிலும் ஏறியது.

முதலில் அந்த ஏழு என்கிற எண்ணையே விசாரிப்போம். மட்டை வரிசையின் நடுவில் இருப்பது, தண்டு அதிக நீளமில்லை, பந்தைத் தூக்கிவிடும் அளவுக்கு முகச் சாய்வு இருக்கிறது என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்பட்ட நியாயம். நல்ல நியாயம்தான். 1970-களில் ஒரு செவன் அயர்னின் லாஃப்ட், அதாவது முகச் சாய்வு, 38 டிகிரியை ஒட்டி இருந்தது. இன்று புதியவர்களுக்கென்று விற்கும் செட்டில் உள்ள செவன் அயர்னை அளந்தால் 28-லிருந்து 30 டிகிரிக்குள் நிற்கிறது. "என் செவன் இவ்வளவு தூரம் போகிறது" என்று வாங்குபவர் பெருமைப்பட வேண்டும் என்பதற்காக நிறுவனங்கள் சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்துவிட்டன. தாத்தா காலத்து ஃபைவ் அயர்னைவிடவும் நிமிர்ந்த முகத்தோடு இருப்பதுதான் இன்றைய செவன். 5-ஆம் எண் ஹைப்ரிட்டின் லாஃப்ட் பெரும்பாலும் 24-லிருந்து 26 டிகிரி. நாலைந்து டிகிரி இடைவெளியை வைத்துக்கொண்டா இத்தனை பயமுறுத்தல்?

நவீன செவனிலும் எடையைக் கீழே இறக்கித்தானே பந்தை எழச் செய்கிறார்கள், பிறகென்ன குறை என்று ஒருவர் கேட்கலாம். வாஸ்தவம். அதைத்தான் நானும் கேட்கிறேன். ஹைப்ரிட்டின் உபாயத்தை அயர்னுக்குள் ஒளித்து வைத்தால் அது ஒழுக்கம், வெளிப்படையாக வைத்தால் ஊன்றுகோலா? தண்டு நீளம் என்ற ஆட்சேபமும் இப்படித்தான். 5 ஹைப்ரிட் செவன் அயர்னைவிட ஏறக்குறைய இரண்டு அங்குலம் நீளம். இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டால் கதை முடிந்தது. பிடி அதற்கு இடம் கொடுக்கிற அளவுக்கு நீளமாகத்தான் இருக்கிறது.

அயர்ன்காரர்களின் உண்மையான வாதம் எண்ணிலோ நீளத்திலோ இல்லை. அது "அடியாத மாடு படியாது" என்கிற வாதம். டியூஷன் சென்டர்களில் வளர்ந்த நமக்கு இது உடனே பிடித்துவிடும். கஷ்டமாக இருந்தால்தான் படிப்பு, சுலபமாக வந்தால் ஏதோ குறுக்கு வழி. அயர்ன் உன் தப்பைக் காட்டிக்கொடுக்கும், ஹைப்ரிட் மூடி மறைத்துவிடும் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை காலை ரேஞ்சில் போய் நின்று, புதிதாக வந்தவர் செவன் அயர்னால் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பாருங்கள். முதல் பந்து தலையில் அடிபட்டுத் தரையோடு உருளும். அடுத்ததற்கு மட்டை பந்துக்குப் பின்னால் ரப்பர் மேட்டில் தொம்மென்று விழும், பந்து நாலடி தள்ளிப் போய் உட்காரும். மூன்றாவது மட்டையின் கழுத்தில் பட்டு வலது பக்கத் தடுப்பில் போய் மோதும், அடுத்த இடத்தில் அடித்துக்கொண்டிருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அயர்ன் தப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது. எந்தத் தப்பை? தலை தூக்கியதா, எடை வலது காலிலேயே தங்கியதா, மணிக்கட்டு முன்கூட்டியே அவிழ்ந்ததா, பந்துக்கு மிக அருகில் நின்றதா? அவருக்குத் தெரியாது. தப்பு நடந்தது என்று மட்டும் தெரியும். அது மட்டையைத் தூக்குவதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான்.

அப்புறம் அவர் என்ன செய்கிறார்? அடுத்த பந்துக்கு நிற்கும் இடத்தை, பிடியை, தலையை என்று மூன்றையும் சேர்த்து மாற்றுகிறார். அவரே திங்கட்கிழமை அலுவலகத்தில், ஜூனியர் பையன் ஒருவன் பிழை தேடும்போது ஒரே சமயத்தில் மூன்று வரியை மாற்றினால் தலையில் அடித்துக்கொள்வார். ஒன்றை மாற்று, ஓட்டிப் பார், பிறகு அடுத்ததை மாற்று என்று வகுப்பெடுப்பார். அந்த ஞானம் ரேஞ்சுக்கு வந்ததும் ஆவியாகிவிடுகிறது. ஆகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு அடியிலும் பத்துக் காரணம் கலந்து வரும் மட்டையை வைத்துக்கொண்டு ஒன்றைத் தனியே பிரித்துப் பார்க்க முடியாது.

புதியவரின் பிழைகளைப் பெரும்பாலும் இரண்டு வகைக்குள் அடக்கலாம். ஒன்று, மட்டை எந்த உயரத்தில், எந்த இடத்தில் தரைக்கு வருகிறது என்பது. மற்றொன்று, பந்தைத் தொடும் நொடியில் மட்டையின் முகம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. மட்டையும் பந்தும் ஒட்டியிருக்கும் நேரம் சுமார் அரை மில்லி நொடி. அந்த நேரத்தில் முகம் பார்க்கும் திசைதான், அயர்னில் அடித்தால்கூட, பந்து புறப்படும் திசையில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் தீர்மானிக்கிறது. மட்டை வரும் பாதைக்கு மிச்சம்தான். ரேடார் அளவீடு வருவதற்கு முன்பு பயிற்சிப் புத்தகங்கள் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தன என்பதையும் போகிறபோக்கில் சொல்லிவிடுகிறேன். நம் பயிற்சியாளர்களில் சிலர் இன்னமும் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறார்கள்.

ஹைப்ரிட்டின் அகன்ற அடிப்பாகம் முதல் வகைப் பிழையின் தண்டனையைக் குறைத்துவிடுகிறது. பந்து ஏதோ ஒரு அளவில் எழும்பிப் போய்விடும். எழும்பியதும் இரண்டாவது வகைப் பிழை கண்ணுக்குத் துலக்கமாகத் தெரியும். பந்து வலது பக்கம் கிளம்பியது, மேலும் வலது பக்கமே வளைந்தது. சரி, முகம் திறந்திருக்கிறது. இடது கையைப் பிடியில் கொஞ்சம் வலப்பக்கம் சுழற்றி வைத்து, வேறு எதையும் மாற்றாமல், இன்னும் பத்துப் பந்து அடிக்கலாம். வித்தியாசம் தெரிந்தால் பிடி படிந்துவிட்டது. கற்றுக்கொள்வது என்பது இதுதான். தரையில் உருண்டு போகிற பந்திலிருந்து முகம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று யாராலும் படிக்க முடியாது.

மறைக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. தரையை முன்கூட்டியே தொடும் பழக்கத்தை ஹைப்ரிட் மன்னித்துக்கொண்டே போகும், பையன் திருந்தவே மாட்டான் என்கிறார்கள். ஆனால் இந்த ஊரில் பெரும்பாலோர் எதன் மேல் நின்று பழகுகிறார்கள்? ரப்பர் மேட்டின் மேல். மேட்டில் செவன் அயர்னும் வழுக்கத்தான் செய்யும். பின்னால் ஒரு அங்குலத்தில் விழுந்த அயர்ன் துள்ளிப் போய்ப் பந்தைத் தட்டிவிடும், அடித்தவர் நல்ல அடி என்று நினைத்துக்கொள்வார். அயர்ன் உண்மையைப் பேச வேண்டுமென்றால் புல் வேண்டும். புல் கிடைக்கிற ஊர்க்காரர்கள் எழுதிய சட்டத்தை மேட்டில் நிற்பவர்களுக்குப் போட்டால் மிஞ்சுவது மணிக்கட்டு வலியும் முழங்கை வலியும்தான்.

மேட்டில் உண்மை தெரிய ஒரு வழி உண்டு, அதற்கு மட்டையை மாற்ற வேண்டாம். சின்னத் துண்டு ஒன்றை மடித்துப் பந்துக்குப் பின்னால் நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள். அடிக்கும்போது துண்டு கிளம்பினால் மட்டை முன்கூட்டியே இறங்குகிறது. துண்டு அசையாமல் கிடந்து பந்து போனால் சரி. இந்தச் சோதனைக்கு ஹைப்ரிட், அயர்ன் என்ற ஜாதி கிடையாது.

பெரிய ஆட்டக்காரர்கள் யாரும் ஹைப்ரிட்டை மதிப்பதில்லை என்பார்கள். 2004-ல் ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூனில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் டாட் ஹாமில்டன், எர்னி எல்ஸுடன் பிளே-ஆஃப் ஆடினார். கடைசிக் குழியில் குழியைச் சுற்றிய கிரீனுக்கு வெளியேயிருந்து ஹைப்ரிட்டை எடுத்து, பந்தை உருட்டும் பட்டர் மட்டை மாதிரிப் பிடித்துத் தட்டினார். பந்து தரையோடு ஓடிப் போய்க் குழிக்குப் பக்கத்தில் நின்றது, கோப்பை அவருக்கு. 2009-ல் ஹேஸல்டைனில் நடந்த பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பைப் பார்த்தவர்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும். மேஜர் போட்டிகளில் மூன்றாம் நாள் முடிவில் முன்னிலையில் இருந்து அதுவரை ஒருமுறைகூடத் தோற்காத டைகர் உட்ஸுக்கு எதிராக, தென் கொரியாவின் ஒய்.இ. யாங் கடைசிக் குழியில் 206 கெஜத்திலிருந்து 3 ஹைப்ரிட்டால் அடித்துக் கொடிக்குப் பக்கத்தில் போட்டார். ஆசியாவில் பிறந்த ஆண் ஒருவர் மேஜர் பட்டம் வென்றது அதுதான் முதல் தடவை. யாங் கோல்ஃப் மட்டையைத் தொட்டது 19 வயதில், டிரைவிங் ரேஞ்சில் பந்து பொறுக்கும் வேலைக்குப் போன இடத்தில். தாமதமாக ஆரம்பித்தவர்களின் குலதெய்வமாக அவரைக் கும்பிட வேண்டும். இங்கே என்னடாவென்றால் அவர் கையிலிருந்த ஆயுதத்தைக் கிழவர்கள் மட்டை என்று தள்ளுகிறோம்.

நம் ஊர்க்கதைக்கே வருவோம். பெங்களூருவில் பிறந்த அதிதி அசோக், கர்நாடகா கோல்ஃப் அசோசியேஷன் (கே.ஜி.ஏ.) மைதானத்தில் ஐந்து வயதில் மட்டை பிடித்தவர். 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 15 அண்டர் அடித்து நான்காம் இடம். பதக்கம் ஒரே ஒரு அடியில் போனது. சில மாதங்களுக்கு முன்பு கொரோனா வந்து உடல் பலம் குறைந்திருந்தது. போட்டியில் மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். மற்றவர்கள் குட்டை அயர்ன் எடுக்கும் இடத்தில் அவருக்கு நீளமான மட்டை வேண்டியிருந்தது, எடுத்தார், கிரீனில் போட்டார், பட்டிங்கில் சரிக்கட்டினார். அந்த நாலு நாளும் அதிகாலையில் எழுந்து டிவி பார்த்த எலெக்ட்ரானிக் சிட்டிக்காரர்கள் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், மகளை அகாடமியில் சேர்க்க வேண்டும் என்பது மட்டும்தான்.

அயர்ன்காரர்களிடம் ஒரு பெரிய சாட்சி இருக்கிறார், அவரை நானே கூண்டில் ஏற்றுகிறேன். ஸ்பெயினின் செவ் பாலஸ்டெரோஸ். சிறுவனாக இருந்தபோது அண்ணன் கொடுத்த பழைய 3 அயர்ன் ஒன்றை வைத்துக்கொண்டு பெட்ரெனா கடற்கரை மணலில் எல்லா அடியையும் கற்றுக்கொண்டவர். பாருங்கள், இருப்பதிலேயே கடினமான அயர்ன், அதிலிருந்துதான் மேதை வந்தான் என்பார்கள். நான் கேட்பது, அந்தச் சிறுவனுக்கு நேரம் எவ்வளவு இருந்தது? எல்லா நாளும், இருட்டும்வரை. எட்டு வயது உடம்பு, எதிரே கடல், கையில் வேலை இல்லை. அவனுக்கு 3 அயர்னைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்வான், குடைக்கம்பியைக் கொடுத்தாலும் கற்றுக்கொள்வான். அவன் கதையில் நமக்கு உதவுகிற அம்சம் வேறு. ஒரே ஒரு மட்டை. பதினான்கை வாங்கிப் பையில் அடுக்கிவிட்டு எதுவும் பழகாமல் இருப்பதற்கு நேர் எதிரான காரியம் அது. பதினான்கு என்பது 1938-ல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் போட்ட உச்சவரம்பு. அதற்கு மேல் கூடாது என்று சொன்னார்களே தவிர, அத்தனையும் வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 1916-ல் சிக் எவன்ஸ் அமெரிக்க ஓப்பனை வென்றது ஏழு மட்டைகளோடு.

சரி, ஒரு ஹைப்ரிட் இருக்கிறது, ஸ்விங் எப்படி? இங்கேதான் இரண்டாவது மூடநம்பிக்கை. நல்ல ஸ்விங் என்றால் மட்டை தலைக்குப் பின்னால் போய்த் தரைக்கு இணையாக நிற்க வேண்டும், இடுப்பு இத்தனை டிகிரி, தோள் இத்தனை டிகிரி. செல்போனில் மெதுவாக ஓட்டிப் பார்த்துச் சட்டகம் சட்டகமாகத் திருத்துகிறார்கள். டர்பனில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமப்பவராக, இருந்த இந்திய வம்சாவளிக்காரர் பாப்வா செவ்கோலம், இடது கையை வலது கைக்குக் கீழே வைத்துப் பிடித்தவர். எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே தட்டிவிடும் பிடி. அந்தப் பிடியோடு டச்சு ஓப்பனை 1959, 1960, 1964 என்று மூன்று முறை வென்றார். நிறவெறி ஆட்சி அவருக்குத் தன் மைதானக் கதவுகளை அடைத்ததே ஒழிய, பந்து அவர் பிடியைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இங்கேயும் கேடியாக இருந்து வந்தவர்கள் புத்தக ஸ்விங்குக்குக் காத்திருக்கவில்லை. பெங்களூருவின் முனியப்பா 2009-ல் இந்தியன் ஓப்பனை வென்றார்.

நான் சொல்லும் பாதி ஸ்விங்கில் கற்க அதிகமில்லை. கால்கள் தோள் அகலம். பந்து நடுவிலிருந்து ஒன்றிரண்டு பந்தளவு இடப்பக்கம். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இடது கை தரைக்கு இணையாக வந்ததும் நிறுத்திக்கொள்ள வேண்டும், கடிகாரத்தில் ஒன்பது மணி. அந்தப் பக்கம் வலது கை மூன்று மணிக்கு வரும்வரை. முடிக்கும்போது எடை முழுக்க இடது காலில், தொப்புள் இலக்கைப் பார்க்க, வலது குதிகால் தூக்கியிருக்க வேண்டும். அப்படியே அசையாமல் மூன்று எண்ணும்வரை நிற்க முடிந்தால் ஸ்விங்கில் பெரிய கோளாறு இல்லை. பந்தைத் தூக்கிவிட முயலக் கூடாது, தூக்குவது மட்டையின் வேலை. ஹைப்ரிட்டைப் பெருக்குவது போல வீச வேண்டும் என்று சிலரும், வெட்டுவது போல இறக்க வேண்டும் என்று சிலரும் சண்டை போடுவார்கள். புல்லின் நுனியை மட்டும் உரசிக்கொண்டு லேசான இறக்கத்தில் வந்தால் போதும். முழு ஸ்விங் பிறகு தானாக நீண்டு வரும். வராவிட்டாலும் நஷ்டமில்லை, இந்தப் பாதி ஸ்விங்கே பலருடைய முழு ஸ்விங்கைவிடத் தூரம் போகும், ஏனென்றால் பந்து நடுவில் படும்.

இவ்வளவு எளிதாக இருந்தும் செவன் அயர்ன் கட்சிக்கு ஏன் இத்தனை ஆள்பலம்? இந்த ஊரில் கோல்ஃப் விளையாட்டாக வரவில்லை, அந்தஸ்தாக வந்தது. தாமஸ் ஃப்ரீட்மனின் உலகம் தட்டை என்ற 2005-ஆம் வருடத்துப் புத்தகம் தொடங்குவதே கே.ஜி.ஏ.யின் முதல் டீயில்தான். மைக்ரோசாஃப்ட், ஐ.பி.எம். கட்டடங்களை இலக்காக வைத்து அடிக்கச் சொல்லி உடன் ஆடியவர் கைகாட்டுகிறார். எலெக்ட்ரானிக் சிட்டியில் இன்ஃபோசிஸ் வளாகத்துக்குள் நுழைந்ததும் ஃப்ரீட்மன் கண்ணில் படுவதில் ஒன்று நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் பரந்து கிடக்கும் பட்டிங் கிரீன். 1978-ல் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் கோனப்பன அக்ரஹாரத்திலும் தொட்டதோகூரிலும் 332 ஏக்கரில் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு உலகம் எடுத்த போட்டோவில் கோல்ஃப் இருக்கிறது. ஆனால் பேட்டைக்குள் 18 குழி மைதானம் கிடையாது. வடக்கே சில்க் போர்டு நெரிசலைத் தாண்டிப் போக வேண்டும், அல்லது தெற்கே ஓசூர் பக்கம். எட்டாத தூரத்தில் இருக்கும் எதற்கும் நுழைவுத் தேர்வு வைப்பது மனித வழக்கம். நாங்கள் அயர்னில் கை மரத்துப்போய் வந்தோம், நீ மட்டும் முதல் மாதமே பந்தைப் பறக்கவிடுவாயா என்பதுதான் அந்தக் கேன்டீன் ஆலோசனைக்குள் இருக்கும் விஷயம். ஒரே ஒரு ஹைப்ரிட்டை ஸ்கூட்டரில் செருகிக்கொண்டு போய் அரை வாளிப் பந்து அடித்துவிட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்புகிறவன், இந்த ஏணியையே கேலி செய்கிறான் அல்லவா?

கடைசியாக ஒரு ஆட்சேபம், இதுதான் கொஞ்சம் கனமானது. கை வேகம் உள்ளவர்கள் அடித்தால் ஹைப்ரிட் இடது பக்கம் வளைந்து ஓடிவிடும், அதனால் நல்ல ஆட்டக்காரர்கள் அதை நம்புவதில்லை. நிஜம். வேகமாகக் கை திரும்புகிறவர்களுக்கு முகம் சீக்கிரம் மூடிக்கொள்ளும், அவர்களில் சிலர் அதனால்தான் 2 அயர்னுக்குத் திரும்பிப் போகிறார்கள். ஆனால் புதியவரின் நோய் இதற்கு நேர் எதிர். அவர் பந்து வலது பக்கம் ஓடுகிறது. இடது பக்கம் இழுக்கும் மட்டை அவருக்கு மருந்து. மருந்து வேலை செய்து, வருடக்கணக்கில் பழகி, பந்து அடங்காமல் இடது பக்கம் பறக்கிற நிலைக்கு ஒருவர் வந்துவிட்டாரானால், தாராளமாகச் செவன் அயர்ன் வாங்கட்டும். பழைய ஹைப்ரிட்டை அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழுவில் விற்பனைக்குப் போட்டால் சாயங்காலத்துக்குள் யாராவது வந்து எடுத்துக்கொண்டு போவார்கள்.